உச்சியில் வைத்த கை

அண்ணே,

உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். இருந்த காலத்திலேயே நீ என் கடிதங்களைப் பிரித்ததில்லை. மடியில் முடிந்துகொண்டு மலை இறங்கி வந்து என் முன்னால் நீட்டுவாய். "எழுதினத நீயே வாசி தாயி. ஒன் வாயால கேட்டாத்தான் எனக்கு ஏறும்" என்பாய். இனி வாசித்துக் காட்ட வழியில்லை. வாயால் பேசுவது எனக்கு எப்போதும் வராது. அதனால் எழுதுகிறேன். இதையும் நீ பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொள், பரவாயில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. ஆத்தா மிளகு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சினாள்.  மணையில் உட்கார வைத்துப் பிடரியில் தேய்த்தாள். காதுக்குப் பின்னால் தேய்த்தாள். பொட்டில் இரண்டு விரலால் அழுத்தினாள். உச்சிக்கு வந்ததும் அவள் கை சுற்றிக்கொண்டு போய்விட்டது. நடுவில் ஆழம் என்று தெரிந்தவள் குளத்தங்கரையோடு நடப்பதைப் போல. உச்சியில் நானே அள்ளி வைத்துக்கொண்டேன். நீ போனதிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் நடக்கிறது. 

அங்கேதான் உன் கை இருந்தது.

அய்யா காலமானபோது நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருந்தேன். நம் ஊர் சிலமலையில் அதுவரை ஒரு பெண்ணும் அந்த வகுப்பைத் தாண்டியதில்லை. காட்டை நம்பினால் கஞ்சிக்கு ஆகும், காலேஜுக்கு ஆகாது என்று நீ மலைக்குப் போனாய். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிற வேலை. பெரியப்பா வந்து வாசலில் நின்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "பொட்டப்புள்ளைக்குக் காலேசாப்பா? படிச்சுட்டு வந்து கலெக்டரு சோலியா பாக்கப்போகுது?" நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னாய், "இல்ல பெரியப்பா. கலெக்டருக்குச் சோலி சொல்லப்போகுது." பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எதிரில் வந்து நின்று நன்றாகப் படிப்பேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஒரு விடுமுறையில் நானும் ஆத்தாவும் மேலே வந்து பார்த்தோம். வெளியே மழையும் பனியும். உள்ளே நுழைந்தால் இரும்புக் குழாய்கள் சிவக்கச் சிவக்க விறகு எரிந்தது. தட்டுகளில் பச்சைக் காய் பரப்பியிருந்தது. நீ அடுப்புக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருந்தாய். "முன்பக்கம் வெந்துபோகும், முதுகு வெறச்சுப்போகும் தாயி" என்று சிரித்தாய். உன் கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகள் வரிசையாக இருந்தன. அட்டைக்குப் பூசச் சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்து ஒரு கொட்டாங்கச்சியில் வைத்திருந்தாய். ஆத்தா உன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எளச்சுப்போயிட்டயே ராசா" என்றாள். இளைத்ததற்குக் காரணம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ஸ்டோரிலிருந்து கொஞ்சம் நடந்தால் மலையாளச் சீமை. அங்கே சாராய ஷாப்பு இருந்தது.

பிறகு யோசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது அண்ணே. ஒரே குடிதான். மேலே அதற்குக் குளிர் மருந்து என்று பெயர். கீழே, மதுவிலக்கு இருக்கிற நம் பக்கத்தில், அதற்குக் குற்றம் என்று பெயர், போலீஸ்காரன் வாயை ஊதச் சொல்லி இழுத்துப் போவான். ஆத்தாவிடம் அதற்குப் பாவம் என்று பெயர். நோய் என்று ஒரு பெயர் இருப்பதாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை நம்மில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

உன்னோடு அடுப்புப் பார்த்த மாயாண்டி அண்ணன் ஒரு தடவை நம் வீட்டுக்கு, ஸ்டோரில் கழித்துப்போட்ட ஏலப்பொட்டு கொண்டுவந்து கொடுத்தார். ஆத்தா அழுகிற மாதிரி கேட்டாள், "எம்மவன் குடிக்கிறானாமே?" அவர் சமாதானம் சொன்னார். "நீ ஒண்ணும் பயப்படாத ஆத்தா. நாங்கள்லாம் ரெண்டு கிளாசுல சாஞ்சுருவோம். மாப்ள அஞ்சு கிளாசு உள்ள போனாலும் நட்டகல்லு மாதிரி நிப்பாரு. கண்ணு செவக்காது, நாக்குக் கொளறாது. அவர குடி ஒண்ணும் செய்யாது." ஆத்தாவுக்கு அதில் ஒரு ஆறுதல். அடுத்த வாரமே பெரியம்மாவிடம், "எம்மவனுக்குத் தாங்குற ஒடம்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அது பெருமை மாதிரிதான் பட்டது.

நான் பி.ஏ. முடித்து ஊர் திரும்பிய வருஷத்துப் பொங்கலுக்கு நீ வந்தாய். வீட்டில் இருக்கிறவரை தொடுவதில்லை என்று உனக்கு நீயே முடிவு செய்திருந்தாய். எங்களிடம் சொல்லவில்லை. முதலில் காப்பி டம்ளர் உன் கையில் நிற்கவில்லை. "குளுரு" என்றாய். வெயில் சுள்ளென்று அடித்தது. அப்புறம் சட்டையெல்லாம் வேர்வை. மறுநாள் பகலில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காலிலிருந்து எதையோ பிய்த்துப் பிய்த்துப் போட்டாய். "தாயி, சுண்ணாம்பு கொண்டா. வெரசா கொண்டா. தொடை வரைக்கும் ஏறிருச்சு பாரு." புழுதி பறக்கிற சிலமலையில் அட்டைக்கு எங்கே போவது? ஆனால் நீ பிடுங்கிய இடமெல்லாம் உன் நகம் பட்டு நிஜமாகவே ரத்தம் வந்தது.

ஆத்தா பேய் ஓட்டுகிற கோடாங்கியைக் கூப்பிட ஓடினாள். நான் வண்டிக்காகப் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். வண்டியையும் மாட்டையும் கையால் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மலையாளத்துக்காரர். தமிழ் பாதிதான் வரும். நான் படித்தவள் என்று தெரிந்ததும் என்னிடம் இங்கிலீஷில் பேசி, ஆத்தாவுக்குச் சொல்லச் சொன்னார். மகளே என்பதை மோளே என்பார். "இது ரோகம் மோளே. பேயும் இல்லா, பாவமும் இல்லா. அம்மையிடம் பறயு." உனக்குத் தூக்க மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்தின் நெடி உன் மூச்சில் ஏறி, வார்டு முழுக்க நின்றது. நீ அசந்து தூங்கினாய். நானும் ஆத்தாவும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் டாக்டரம்மாவின் வார்த்தைகள்.

வித்ட்ராயல் என்றார். காலேஜில் அந்தச் சொல்லைப் பட்டாளம் பின்வாங்குவதற்குத்தான் படித்திருந்தேன். இங்கே அதற்கு வேறு பொருள். பழகிய உடம்பிலிருந்து குடியை எடுத்தால் உடம்பு ஆடுகிற ஆட்டம். நடுக்கம், வேர்வை, இல்லாத அட்டை எல்லாம் அதில் அடக்கம். ஆத்தாவிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "நிறுத்தினதால வந்த நோவு ஆத்தா" என்றேன். ஆத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "குடிச்சதால வந்ததுன்னு சொல்லு. நிறுத்தினதால எவனுக்காவது நோவு வருமா?" நான் திரும்பக் கேட்டேன். டாக்டரம்மா உறுதியாகத் தலையாட்டினார். இன்னும் ஒன்றும் சொன்னார். இனி எப்போதாவது மறுபடி குடித்தால், தானாக ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, இங்கே வந்து மருந்தோடுதான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். நீ விழித்தபிறகு அதை உன்னிடமும் சொன்னேன். "சரி தாயி" என்றாய்.

மாயாண்டி அண்ணன் சொன்ன நட்டகல் பேச்சை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்கு டாலரன்ஸ் என்று பெயர், உடம்பு பழகிப்போய் மேலும் மேலும் கேட்கிறது, ஐந்து கிளாஸில் அசையாமல் நிற்பவனைப் பார்த்துத்தான் முதலில் பயப்பட வேண்டும் என்றார். நாம் எதைப் பெருமை என்று கொண்டாடினோமோ அதுதான் நோயின் முதல் அடையாளமாம்.

கிரேவிங் என்பதற்கு நான் ஆசை என்று சொன்னேன். கட்டிலில் படுத்திருந்த நீ கண்ணைத் திறக்காமலே திருத்தினாய். "ஆசை இல்ல தாயி. சோத்துக்கு ஆசை, துணிக்கு ஆசை, அதெல்லாம் வேற. இது கெணத்துக்குள்ள தலைய அமுக்கிப் புடிச்ச மாதிரி. மேல வந்து ஒரு மூச்சு எடுத்தாப் போதும்னு இருக்கும். நல்லது கெட்டது அப்பறம்." டாக்டரம்மாவுக்கு அதை இங்கிலீஷில் சொன்னேன். அவர் உன் பக்கம் திரும்பினார். "என் புத்தகத்தில் இத்தனை நன்றாக இல்லை" என்றார். அதைக் கேட்டு நீ ஒரு பக்கமாக வாயைக் கோணிச் சிரித்தாய். "அப்ப எனக்கும் ஒரு பி.ஏ. குடுக்கச் சொல்லு."

கடைசியாகச் சொன்ன சொல்தான் ரிலாப்ஸ். மறுபடி விழுவது. டாக்டரம்மா உன்னிடமே அரைகுறைத் தமிழில் கேட்டார், "மலைக்காய்ச்சல் வந்ததுண்டோ?" மலைக்குப் போனவர்களில் அது வராதவர் யார்? "வந்துச்சு" என்றாய். "போயிட்டு திரும்பி வந்ததோ?" "எத்தனையோ தடவ." "திரும்பி வந்தப்போ யாராவது உன்னைத் துரோகின்னு சொன்னாங்களோ?" நீ இல்லையென்று தலையாட்டினாய். "அதுபோலத்தன்னே இதுவும். திரும்பி வந்தால் ஓடி இங்கே வா. வெட்கப்படாதே." அன்றைக்கு உன் முகத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன் அண்ணே. ஒரு கனமான மூட்டையை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னால் வருமே, அந்த மாதிரி.

ஆத்தாவுக்கு அந்த வார்த்தை மட்டும் இறங்கவே இல்லை. வீட்டுக்குப் புறப்படுகிற அன்றைக்கு, "கொணமாயிருச்சான்னு கேளு" என்றாள். டாக்டரம்மா குணம் என்ற சொல்லைச் சொல்லவே மாட்டேன் என்றார். ரெகவரி என்றார். தேறி வருவது. "தேறிட்டானா, தேறிக்கிட்டு இருக்கானா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லு." கேட்டேன். தேறிக்கொண்டே இருப்பான், சாகிறவரை, அதுதான் நல்ல செய்தி என்றார் டாக்டரம்மா. ஆத்தாவுக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. முடிவில்லாத எதையும் அவளால் நம்ப முடியாது. கதவென்றால் தாழ்ப்பாள் வேண்டும் அவளுக்கு.

அந்தத் தாழ்ப்பாளை ஊர் எல்லையில் போட்டாள்.

கருப்பசாமி கோயில் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நம்மை இறக்கினாள். சூடம் ஏற்றினாள். நீ சாமி கும்பிடத்தான் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினாய். ஆத்தா உன் வலது கையைப் பிடித்தாள். பிடித்துக் கொண்டுவந்து என் உச்சியில் வைத்து, உன் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். "அடிச்சுச் சொல்லு. இனி தொட மாட்டேன்னு இவ தலைல அடிச்சுச் சொல்லு."

நீ கையை இழுக்கப் பார்த்தாய். "ஆத்தா, அவ தலை வேணாம். என் தலைல அடிச்சுக்கிறேன்" என்றாய். "ஒன் தலைய நீயே மதிக்கலையே. இவளத்தான ஒனக்குப் பிடிக்கும்? இவளுக்கு ஒண்ணுன்னாத்தான நீ நிப்ப?" நான் அன்று வாயைத் திறந்தேன். "வேணாம் ஆத்தா. விழுந்தாலும் எந்திரிக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாக." ஆத்தா என் பக்கம் திரும்பினாள். "விழுகுறதுக்கு முன்னாடியே விழுகுற பேச்சா? நீ படிச்சது போதும், வாய மூடு." சூடம் அணையப் போனது. அணைந்துவிட்டால் அபசகுனம். நீ சொல்லிவிட்டாய். மூன்று தடவை என் தலையில் கை அடித்தது. கனமாக அடிக்கவில்லை. பச்சைப்பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பது போல அடித்தாய்.

நீ திரும்ப மலைக்குப் போனாய். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை இறங்கி வரும்போதும் வாசலில் நின்றபடியே என் தலையைத்தான் முதலில் பார்ப்பாய். விளையாட்டாக, "கொம்பு மொளச்சிருக்கான்னு பாத்தேன்" என்பாய். உன் கண் சிரிக்காது.

மற்றதெல்லாம் மாயாண்டி அண்ணன் பின்னால் சொன்னது. அடைமழையில் விறகெல்லாம் நனைந்து, அடுப்பு புகைந்து, பரப்பிய காய் நிறம் மங்கிப்போன ஒரு நாள். கங்காணி உன்னைத் திட்டியிருக்கிறான். யாரோ கிளாஸை நீட்டியிருக்கிறார்கள். ஒரு வாய் குடித்தாய். அந்த ஒரு வாயோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாயாம். டாக்டரம்மா கேட்டிருந்தால், ஒரு வாயோடு எழுந்தாயே என்று உன்னைத் தட்டிக் கொடுத்திருப்பார். நீ அப்படி நினைக்கவில்லை. அந்த வாரம்தான் எனக்குக் காய்ச்சல் கண்டது.

சந்தைக்கு வந்தவர்கள் யாரோ மேலே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நீ மழையில் நனைந்தபடி மலை இறங்கி ஓடி வந்தாய். ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு நான் படுத்திருந்தேன். திறந்த கதவுக்கு வெளியே நீ நின்றாய். "உள்ள வாண்ணே" என்றேன். நீ படி ஏறவில்லை. நெஞ்சு வலிக்கிறதா, சாப்பிட்டாயா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"தலை வலிக்குதா தாயி?"

காய்ச்சல்காரிக்குத் தலை வலிக்காமல் இருக்குமா? "ஆமாண்ணே" என்றேன்.

உன் முகம் செத்துப்போனது. அப்படியே திரும்பி நடந்தாய். நான் எழுந்து வருவதற்குள் தெருமுனையில் நீ இல்லை. உன்னை நான் கடைசியாகப் பார்த்தது உன் முதுகைத்தான்.

மேலே போய், போனது போச்சு என்று இரவு பகல் பார்க்காமல் குடித்தாயாம். பிறகு எனக்குக் காய்ச்சல் விட்டது என்று சேதி வந்திருக்கிறது. அதைக் கேட்டு அழுதாயாம். "சாமி தவணை குடுத்திருக்கு மாப்ளே" என்று மாயாண்டி அண்ணனிடம் சொல்லிவிட்டு, விறகுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து, குடியை நிறுத்தினாய். மருந்து இல்லாமல், ஒரேயடியாக.

மாயாண்டி அண்ணன் நம் வாசலில் குந்தி உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். "வெட்டு வெட்டுன்னு இழுத்துச்சு தங்கச்சி. அட்ட அட்டன்னு கத்துனாரு. ஆசுபத்திரிக்குப் போவோம் மாப்ளே, டோலி கட்டுறேன்னு கால்ல விழுந்தேன். கேக்கல. 'அங்க போனா மருந்து குடுத்து நடுக்கத்த நிறுத்திருவாக. இந்த நடுக்கம்தான் மாப்ளே கழிப்பு. இத நான் முழுசாப் பட்டுத் தீக்கணும். அப்பத்தான் அவ தலை தப்பும்'னாரு." நினைவு தப்பிய பிறகுதான் அவரால் உன்னைத் தூக்க முடிந்தது. கம்பளியில் டோலி கட்டி நான்கு பேர் சுமந்து வந்தார்கள். பாதி மலையில், தூரத்தில் போடி ஊர் தெரிகிற திருப்பத்தில், டோலி கனத்துவிட்டது என்று சொன்னார்.

உனக்கு எல்லாம் தெரியும் அண்ணே. நடுக்கம் என்பது என்ன, எதனால் வருகிறது, என்ன செய்ய வேண்டும், எல்லாம் நானே உன் கட்டிலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். தெரிந்தும் நீ அதைத் தண்டனையாக வாங்கிக்கொண்டாய். விழுந்தால் ஓடி வா என்று டாக்டரம்மா திறந்துவைத்த கதவுக்கும் உனக்கும் நடுவில் என் தலை இருந்தது.

ஊரில் சொல்வது வேறு. சத்தியத்தை உடைத்துக் குடித்துச் செத்தான் என்கிறார்கள். கோடாங்கி வந்து உடுக்கடித்து, உடைந்த சத்தியம் இந்தப் பெண்ணின் தலையில் கிடக்கிறது, அடித்தவன் கையே வந்து எடுத்தால்தான் இறங்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். அடித்தவன் இல்லை. ஆகவே இறங்காது. அன்றிலிருந்து நான் ஆற்றைத் தாண்டக்கூடாது. உச்சி வெயிலில் முற்றத்தில் நிற்கக்கூடாது. பஸ் ஏறக்கூடாது. பெண் கேட்டு ராசிங்காபுரத்திலிருந்து வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆத்தா என்னைக் கட்டிப்போடவில்லை, பூட்டவில்லை. நான் வாசல்வரை போனால் அவளும் வாசல்வரை வருகிறாள். அவ்வளவுதான். பி.ஏ. படித்த நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போடிக்குப் போகிற பஸ்ஸின் சத்தம் தேய்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் மறைப்பானேன், நிலைப்படியில் தலை இடித்தால் என் கையும் உச்சிக்குத்தான் போகிறது. நம்பிக்கை இல்லை. ஆனால் கை போகிறது.

உன் கருமாதி முடிந்த பிறகு டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். நீ போன விதத்தைச் சொன்னேன்.  பிறகு, "மோளே, நீ ஆஸ்பத்திரிக்கு வா. நான் சொல்றது இவங்க காதில் விழுது, மனசுக்குப் போகல. அதுக்கு உன்னைப்போல ஒருத்தி வேணும்" என்றார். நோயாளிகளின் வீட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொற்களை நம் பேச்சில் சொல்கிற வேலை. கூச்சத்தில் வாயே திறக்காத எனக்கு, பேசுவதே வேலை. ஆனாலும் அண்ணே, அதைக் கேட்டபோது பிறந்ததிலிருந்து முதல்தடவையாக எனக்குப் பேச வேண்டும் போல இருந்தது. ஆத்தா உள்ளே இருந்தபடியே, "ஆத்தத் தாண்டி இவ வரமாட்டா" என்றாள். டாக்டரம்மா வேறு ஆளை வைக்காமல் இருக்கிறார். ரொம்ப நாள் இருக்க முடியாது.

மாயாண்டி அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "நீ படிச்ச புள்ள, இதுகூடத் தெரியாதா? அண்ணே கனவுல வந்து கைய எடுத்துட்டாருன்னு ஆத்தாட்ட ஒரு பொய்யச் சொல்லிரு. விடிஞ்சா பஸ்சு." நல்ல பொய்தான். சொன்னால் நான் இந்த வாசலைத் தாண்டிவிடுவேன். ஆனால் நீ சத்தியத்தை உடைத்தவனாகவே நின்றுபோவாய். உடைத்தவன் மனம் இரங்கி வந்து எடுத்தான் என்று கதை முடிந்துவிடும். அது பொய்யிலும் பெரிய பொய்.

ஒரு தடவை ஆத்தாவிடம் உண்மையைச் சொல்லப் பார்த்தேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "ஆத்தா, அண்ணே குடிச்சுச் சாகல. குடிய நிறுத்தித்தான் செத்துச்சு. சத்தியத்தக் காப்பாத்தப் போய்ச் செத்துச்சு." அவள் கை புளித்தண்ணீருக்குள் நின்றது. "நிறுத்தினா எவனாவது சாவானாடி?" என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்வி. ஆனால் அன்றைக்குத் தெரியாமல் கேட்டாள். இந்தத் தடவை அவள் உதடு துடித்தது. என் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ உடைத்தாய் என்றால் தவறு குடியின்மேல் போகும். நீ காப்பாற்றினாய் என்றால், அந்தச் சூடத்துக்கு முன்னால் உன் கையைப் பிடித்து இழுத்தது யார்?  தண்ணீர் எடுக்கப் போகிறவள் போலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

ஆகவே நானும் அடைபட்டிருக்கிறேன், அவளும் அடைபட்டிருக்கிறாள். என் கதவைத் திறக்கிற சாவி அவள் நெஞ்சில் குத்தும். அதை என் கையால் குத்த எனக்கு மனம் இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொற்கள்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அவற்றை நம் பேச்சில் சொல்லிப் பார்க்கிறேன். நாளைக்கு எதிரில் ஒரு தாய், ஒரு மனைவி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். "தாங்குற ஒடம்புன்னு சந்தோசப்படாத தாயி, அது பழகிப்போன ஒடம்பு." "நடுங்குனா சாமி குத்தம் இல்ல, மருந்துக்கு வா." "மறுபடி விழுந்தா மலைக்காய்ச்சல் திரும்புன மாதிரி. தூக்கிட்டு வா." கிரேவிங் என்பதற்கு மட்டும் நான் சொல் தேடுவதில்லை. கிணற்றுக்குள் தலையை அமுக்கிப் பிடித்த மாதிரி என்று நீ சொன்னதையே சொல்கிறேன். கடைசியில் எப்போதும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். "அவர யாரு தலைலயும் அடிக்க வைக்காதீக."

இதுவரை எழுதியது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். கேட்க வந்ததைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உயிரோடு இருந்தபோது உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்கும் முன்பே நீ வாங்கி வந்துவிடுவாய். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

என் தலையிலிருந்து உன் கையை எடு என்று கேட்கவில்லை. உன் கை, நீ போன அந்த மலைத் திருப்பத்திலேயே விழுந்துவிட்டது. இன்னும் இருப்பது உன் கைக்கு மேலே இருந்த கை. என் கனவில் வரவேண்டாம், நான் பொய் சொல்கிறேன் என்பார்கள். ஆத்தாவின் கனவில் வா. ஒன்றும் விளக்க வேண்டாம், அவளை ஒன்றும் கேட்க வேண்டாம். வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நில். அன்றைக்கு அவள் உன் கையைப் பிடித்து வைத்தாள் அல்லவா, அதேபோல நீ அவள் கையைப் பிடித்து என் உச்சியில் வை.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் அங்கே எண்ணெய் வைக்கட்டும்.

உன் தங்கை